கொல்லைக் குளமும் கொசுவை வெல்லும் மீனும்

கழக்கூட்டத்திற்கு ஆண்டில் இருமுறை மழைக்காலம் வருகிறது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. வானத்தை அண்ணாந்து பார்த்தே ஆண்டைக் கழிக்கும் சீமைகளிலிருந்து வந்த நம்மில் பலருக்கு இது பெருஞ்செல்வமாகத் தோன்றுவது இயல்பே. கிணற்றில் நீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. கொல்லையில் தென்னையும் வாழையும் கேளாமலே வளர்கின்றன. ஆயினும் நீர் தங்கும் இடத்தில் கொசுவும் தங்கும். மாலையானதும் சன்னல்களை அடைப்பதும், கொசுவத்திச் சுருளைக் கொளுத்துவதும், மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றுவதும் நம் இல்லங்களில் அன்றாடக் கடமைகள் ஆகிவிட்டன.

பறக்கும் கொசுவை அடிப்பது முடிவில்லாத வேலை. நாம் ஒன்றை அடித்து முடிப்பதற்குள் வேறோரிடத்தில் நூறு கொசுக்கள் சிறகு முளைத்து எழுகின்றன. ஆகவே அது பிறக்கும் இடத்திலேயே தடுப்பதுதான் அறிவுடைமை. அவ்வாறு தடுப்பதற்கு இயற்கையே தந்துள்ள ஒரு துணை, மீன். வீட்டுக் குளத்திலும் தொட்டியிலும் மீன் வளர்த்துக் கொசுவைக் குறைக்கும் இவ்வழியைப் பற்றி, அதன் வலிமையோடு அதன் எல்லையையும் சேர்த்து, இத்திங்கள் நம் குடும்பத்தினருக்குக் கூற விரும்புகின்றோம்.

ஊர் வளர்ந்த கதை

கழக்கூட்டம் முன்னாளில் வயலும் தோப்புமாக இருந்த ஊர். 1962இல் இங்கே சைனிக் பள்ளி அமைந்தது. 1990இல் டெக்னோபார்க் தோன்றியது. 2010இல் கழக்கூட்டம் ஊராட்சி திருவனந்தபுரம் மாநகராட்சியோடு இணைந்தது. கணினித் தொழிலை நாடி ஒரு சாராரும், கட்டட வேலையை நாடி ஒரு சாராரும், வணிகத்தை நாடி ஒரு சாராருமாக நம்மவர் இங்கு வந்து சேர்ந்தனர். ஊர் வளர வளர, நீர் ஓடிய வழிகள் பல அடைபட்டன. டெக்னோபார்க்கை ஒட்டிச் செல்லும் தெற்றியாறு 2023 அக்டோபர் மாதத்துப் பெருமழையில் கரை கடந்து வந்ததை நாம் அறிவோம். வெள்ளம் வடிந்த பின்னர் ஆங்காங்கே தேங்கி நிற்கும் நீர்தான் கொசுவுக்குத் தொட்டில்.

இந்நகரம் கொசுவால் பட்ட துன்பம் சிறிதன்று. 2017இல் கேரளம் கண்ட பெரிய டெங்குப் பரவலில் திருவனந்தபுரம் மாவட்டமே மிகுதியாக அல்லலுற்றது. 2021 ஜூலையில் கேரளத்தில் முதன்முதலாகச் சிக்கா நோய் கண்டறியப்பட்டதும் இம்மாவட்டத்தில்தான். டெங்குவையும் சிக்காவையும் பரப்புவது ஈடிஸ் என்னும் ஒரே இனக் கொசு. சிக்கா கருவுற்ற மகளிரின் வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக் கூடியது. எனவே கொசுவைப் பற்றிய பேச்சு வெறும் தூக்கக் கேட்டைப் பற்றிய பேச்சு அன்று.

நாட்கூலிக்கு உழைக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கொத்தனாருக்கு டெங்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம், பத்து நாள் கூலி நின்றுவிடும். உற்றார் ஊரில் இருக்க, மருத்துவமனையில் உடன் இருக்க ஆள் கிடைப்பதும் அரிது. இதற்கு மேல், நோய் பரவும் காலங்களில் அது வெளியூரார் கொண்டுவந்தது என்று சொல்லிவிடுவது எந்த ஊரிலும் எளிது. அப்பேச்சுக்கு இடங்கொடாமல் நம் வீட்டையும் கொல்லையையும் வைத்துக்கொள்வது நம் உடல்நலத்திற்கு மட்டுமன்றி, நம் மதிப்பிற்கும் உரிய செயல்.

கூத்தாடியின் ஏழு நாள்

கொசுவின் வாழ்க்கை நீரில் தொடங்குகிறது. தாய்க்கொசு நீரிலோ நீரின் விளிம்பிலோ முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து புழு வெளிவருகிறது. புழு கூட்டுப்புழுவாகிறது. கூட்டுப்புழுவின் தோலைக் கிழித்துக்கொண்டு கொசு பறந்து போகிறது. நம் நாட்டு வெப்பத்தில் இவையெல்லாம் நிகழ ஏழு முதல் பத்து நாட்கள் போதும். இப்புழுவை மலையாளத்தார் 'கூத்தாடி' என்று அழைக்கின்றனர். தொட்டி நீரை உற்றுப் பார்த்தவர்கள், வளைந்தும் நெளிந்தும் ஆடும் அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்பர்.

மலேரியாவுக்குக் காரணமான நுண்ணுயிரைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் கண்டது 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், நம் நாட்டுச் செகந்தராபாத்தில். அப்பணிக்காக 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொசுவே நோயைக் கடத்துகிறது என்று தெளிந்த பின்னர், கொசு பிறக்கும் நீரின் மேல் அறிஞரின் கண் சென்றது. நீரில் மண்ணெண்ணெய் தெளித்தார்கள், குழிகளைத் தூர்த்தார்கள், பின்னர் மருந்து அடித்தார்கள். இவற்றோடு மீனையும் துணைக்கு அழைத்தார்கள்.

கொசுப்புழுக்களில் பெரும்பாலானவை மூச்சு விடுவதற்காக நீரின் மேற்பரப்புக்கு வந்தே தீரவேண்டும். மேற்பரப்பில் இரை தேடும் சிறு மீன் அங்கே காத்திருக்கிறது. மீன் கொசுவுக்குக் காவலாக அமைவதன் இரகசியம் இவ்வளவுதான்.

மானத்தைப் பார்க்கும் மீன்

இவ்வூர்க் குளங்களிலும் வாய்க்கால்களிலும் 'மானத்துக்கண்ணி' என்றொரு மீன் உண்டு. மலையாளத்தில் மானம் என்றால் வானம். மழையை நம்பிய நிலத்தை 'மானம் பார்த்த பூமி' என்று நம் தென்பாண்டிச் சீமையாரும் சொல்லுவர் அல்லவா? அதே சொல்தான். இம்மீனின் தலை உச்சியில் வெள்ளியைப் போல் ஒரு புள்ளி மின்னும். மேலிருந்து பார்ப்போர்க்கு அது வானத்தை நோக்கும் கண்ணாகத் தோன்றும். வாயும் மேல்நோக்கியே அமைந்திருப்பதால், நீர்ப்பரப்பில் அசையும் எதனையும் அது எளிதிற் கவ்வும். கை விரலின் நீளமே வளரக்கூடிய இம்மீன் இம்மண்ணின் பிள்ளை. கொசுப்புழு தின்பதில் இது நல்ல திறமை வாய்ந்தது.

கடைகளிலும் சுகாதாரத் துறையாரிடமும் மிகுதியாகக் கிடைப்பது கப்பி மீன். இதன் தாயகம் தென்னமெரிக்காவின் வடபகுதியும் திரினிடாட் முதலிய தீவுகளும் ஆகும். 1866இல் திரினிடாடிலிருந்து இம்மீனை இலண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பிய கப்பி என்பாரின் பெயரே இதற்கு நிலைத்தது. இது முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். மாதத்திற்கு ஒருமுறை ஈனுவதால் விரைவிற் பெருகும். சற்று அழுக்கான நீரிலும் பிழைத்துக்கொள்ளும். வளர்ந்த கப்பி ஒன்று நாளொன்றுக்கு 80 முதல் 100 கொசுப்புழுக்களைத் தின்னும் என்று கணக்கிட்டுள்ளனர்.

மூன்றாவது, கம்பூசியா. அமெரிக்க நாட்டின் தென்கிழக்குப் பகுதிக்கு உரிய இம்மீன், 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. புழு தின்பதில் கப்பியையும் விஞ்சியது. எனினும் அதன் பசி கொசுப்புழுவோடு நிற்பதில்லை. பிற மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும், தவளையின் குஞ்சுகளையும் அது விட்டுவைப்பதில்லை. உலகில் பெருங்கேடு விளைக்கும் நூறு அயலுயிர்களின் பட்டியலில் இயற்கை பாதுகாப்பு அறிஞர்கள் கம்பூசியாவையும் சேர்த்துள்ளனர். தவளையும் தும்பியின் இளம்புழுவும் தாமே கொசுவுக்குப் பகைகள். அவற்றை அழிக்கும் மீனை ஆற்றிலும் ஏரியிலும் விடுவது, வேலியைக் காக்க வைத்த ஆடு பயிரை மேய்ந்த கதையாக முடியும்.

ஆதலின் எம் கருத்து இதுவே. நான்கு புறமும் அடைத்த வீட்டுக் குளத்திற்கும் கிணற்றிற்கும் முதலில் மானத்துக்கண்ணியைத் தேடுங்கள். அது கிடைக்காதபோது, மழையில் நிரம்பி வழியாத தொட்டியில் மட்டும் கப்பியை விடுங்கள். கம்பூசியாவை வீட்டார் தாமாக வாங்கி விட வேண்டா.

சேர்த்தலை கற்பித்த பாடம்

கேரளத்தில் வீட்டுக் குளத்தையும் மீனையும் கொண்டு ஒரு நோயை எதிர்த்த வரலாறு ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலையில் நடந்தது. அங்கே வீடு கட்டுவோர் நிலத்தை மேடாக்க மண் எடுப்பர். மண் எடுத்த பள்ளம் குளமாகும். அதில் தேங்காய் மட்டையை ஊறவைப்பர். தென்னைக்கு நீர் இறைப்பர். இவ்வாறு ஏறத்தாழ வீட்டுக்கு வீடு குளம் அமைந்தது. அக்குளங்களில் நாம் ஆகாயத்தாமரை என்றும் அவர்கள் முட்டப்பாயல் என்றும் கூறும் பாசிச்செடி மிதந்தது. அதனைத் தென்னைக்கு எருவாக்க வேண்டி மக்கள் விரும்பியே வளர்த்தனர்.

யானைக்கால் நோயைப் பரப்பும் மான்சோனியா என்னும் கொசு அச்செடியின் வேரிலேயே குடியிருந்தது. இக்கொசுவின் புழு மூச்சுக்காக மேலே வருவதில்லை. செடியின் வேரைத் துளைத்து, அதற்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சிக்கொள்ளும். எனவே மேற்பரப்பில் இரை தேடும் மீன் அதனைப் பிடிக்க இயலாது. மண்ணெண்ணெய் தெளித்தாலும் பயனில்லை. செடி போனால்தான் கொசு போகும். 1930களில் திருவிதாங்கூரில் இந்நோயை ஆராய்ந்த எம்.ஓ.டி. ஐயங்கார் என்னும் பூச்சியியல் அறிஞர் இத்தொடர்பை விரிவாக எழுதினார். செடியை அகற்றும் முயற்சிகள் அப்போதே நடந்தன. ஆயினும் எருவாகப் பயன்படும் செடியை, நோய் என்ற ஒரே காரணத்திற்காக மக்கள் தொடர்ந்து களைந்துகொண்டே இருப்பார்களா?

இக்கேள்விக்கு 1986இல் புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார் சேர்த்தலையில் விடை கண்டனர். 1975இல் தோன்றிய அம்மையத்தின் இயக்குநராக அந்நாளில் இருந்தவர் பி.கே. இராஜகோபாலன். செடியை எடுத்துவிட்டுக் குளத்தில் உணவு மீன் வளர்க்கும்படி அவர்கள் மக்களுக்கு வழிகாட்டினர். புல்கெண்டை போன்ற மீன்கள் மீண்டும் முளைக்கும் செடியைத் தின்றன. வளர்ந்த மீனை விற்றுக் குடும்பத்தார் காசு கண்டனர். பள்ளி மாணவர் குழுக்களும் இப்பணியில் இறங்கின. குளத்தைத் தூய்மையாக வைப்பதில் வருவாய் உண்டு என்று ஆனபோது, காவலுக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை.

சேர்த்தலை நமக்குக் கற்பிப்பது இரண்டு. எந்த நீரில் எந்தக் கொசு என்று அறியாமல் மீனை விட்டுப் பயனில்லை என்பது ஒன்று. வீட்டார்க்குப் பயன் தரும் முறையே நிலைக்கும் என்பது மற்றொன்று. நம் பகுதியிலும் கடற்கரையை ஒட்டிய பார்வதி புத்தனாற்றில் குளவாழையும் பாயலும் படர்ந்து நீரோட்டத்தைத் தடுப்பதைக் காண்கின்றோம். அவ்விடங்களில் மீனுக்கு முன்பு செடியை அகற்றுவதே முதல் வேலை.

அறிஞர் ஐயம்

கிணற்று மீனைப் பற்றியும் ஒரு நல்ல முன்னோடி உண்டு. கருநாடகத்துக் கிராமங்களில், மலேரியாக் கொசு கிணறுகளில் பிறப்பதை அறிந்த ஆராய்ச்சியாளர் 1990களில் கிணறுதோறும் கப்பி மீன்களை விட்டனர். கொசுப்புழு பெரிதும் குறைந்ததை அவர்தம் ஆய்வு காட்டியது. கிணற்றில் கெண்டைக் குஞ்சு விட்டு வைக்கும் வழக்கமுடைய நம் கிராமத்தார்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் கூறுவது நேர்மையாகாது. உலகின் பல பாகங்களில் நடந்த ஆய்வுகளை ஒருங்கே திரட்டி ஆராய்ந்த கோக்ரேன் குழுவினர் 2013இலும் பின்னர் 2017இலும் தம் முடிவை வெளியிட்டனர். மீன் விட்ட நீரில் புழு குறைகிறது என்பதற்குச் சில சான்றுகள் உண்டு. ஆனால் மீனால் மட்டுமே மலேரியா நோயாளரின் எண்ணிக்கை குறைந்தது என்று உறுதியாகக் கூறத்தக்க ஆய்வு இல்லை. இதுவே அவர்கள் கண்டது. ஆகவே மீன் ஒரு துணை, முழுக்காப்பு அன்று. குளத்தில் மீனை விட்டுவிட்டுக் கதவைத் திறந்துபோட்டு உறங்கலாம் என்று எவரும் எண்ண வேண்டா.

செய்யும் முறை

முதலாவது, குழந்தைகளின் காவல். தவழும் பிள்ளையும் ஓடியாடும் பிள்ளையும் உள்ள வீட்டில், குளத்தைச் சுற்றி வேலியும் கிணற்றுக்கு வலையும் இல்லாமல் மீனைப் பற்றி நினைக்கவே கூடாது. மீனைக் காணும் ஆவலே குழந்தையை நீருக்கு இழுக்கும்.

இரண்டாவது, குளத்தைத் திருத்துதல். உதிர்ந்த இலைகளையும் மிதக்கும் செடிகளையும் வாரி எடுக்க வேண்டும். கரையோரத்துப் புல்லை வெட்ட வேண்டும். புல் அடர்ந்த ஓரத்தில் நீர் சிறு சிறு குட்டையாகப் பிரிந்து நிற்கும். மீன் அங்கே நுழைய முடியாது. கொசுவோ அங்கேதான் முட்டையிடும். கரையைச் சற்றுச் செங்குத்தாகச் செதுக்கிவிட்டால் இத்தொல்லை நீங்கும்.

மூன்றாவது, மீன் விடுதல். கரையின் நீளத்தில் மீட்டருக்கு 5 முதல் 10 மீன் என்பது வழக்கமாகக் கூறப்படும் அளவு. சிறு தொட்டிக்கு ஐந்தாறு போதும், அவையே பெருகும். மீன் வந்த பையை உடனே கவிழ்த்துவிடாமல், கால்மணி நேரம் குளத்து நீரின்மேல் மிதக்கவிட்டு, இரு நீரின் சூடும் ஒன்றான பின்னர் மெல்லத் திறந்துவிட வேண்டும். காலையோ மாலையோ விடுவது நன்று. குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனுக்கு நஞ்சு. அந்நீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்த பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

நான்காவது, உணவு. கோயில் தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி இடுவது நம் குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தரும் வழக்கம். வீட்டுக் குளத்தில் அது வேண்டா. பொரியும் சோறும் கிடைக்கும் மீன் புழுவைத் தேடுவதில் சோம்பும். எஞ்சிய உணவு அழுகி நீரைக் கெடுக்கும். மீன் சற்றுப் பசியோடு இருப்பதே நமக்கு நலம்.

ஐந்தாவது, சோதனை. வாரம் ஒருமுறை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கரையோரத்து நீரை மொண்டு பார்க்க வேண்டும். நெளியும் புழு கண்ணுக்குத் தெரிந்தால், மீன் குறைந்துவிட்டது அல்லது புல் வளர்ந்துவிட்டது என்று பொருள். துணி துவைத்த சோப்பு நீர் குளத்தில் கலவாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது, கிணறு. குடிநீர்க் கிணற்றில் மீன் விடுமுன் வீட்டுக்காரரையும், அப்பகுதிச் சுகாதார ஆய்வாளரையோ ஆஷா பணியாளரையோ கலந்துகொள்வது முறை. 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் கேரளத்தில் அச்சம் விளைத்ததை அடுத்து, கிணறுகளில் குளோரின் இடும் பணிக்கு அரசு அழுத்தம் தந்தது. மீனும் குளோரினும் ஒரே நேரத்தில் ஒரு கிணற்றில் இருக்க இயலாது. குளோரின் இடுமுன் மீன்களை வாளியில் எடுத்து வைத்து, அதன் வீரியம் அடங்கிய பின்னர் மீண்டும் விடலாம். மீனா, குளோரினா என்ற கேள்வி எழுந்தால், குடிக்கும் நீரின் தூய்மைக்கே முதலிடம். தேங்கிய குளத்தில் மூழ்கிக் குளிப்பதையும் குழந்தைகளை விளையாட விடுவதையும் தவிர்ப்பது இந்நாளில் தேவையான எச்சரிக்கை.

ஏழாவது, வீடு மாற்றும்போது மீனை என் செய்வது என்பது. வாடகை வீட்டில் வாழும் நமக்கு இக்கேள்வி அடிக்கடி எழும். கப்பி மீனைத் தெற்றியாற்றிலோ கோயிற் குளத்திலோ கொட்டிவிட்டுப் போவது புண்ணியம் அன்று. அங்குள்ள நாட்டு மீன்களுக்குச் செய்யும் தீங்கு. அடுத்து வரும் குடும்பத்தாரிடமோ அண்டை வீட்டாரிடமோ ஒப்படைத்துச் செல்லுங்கள்.

மீன் புகாத இடம்

இனி, மிக முக்கியமான செய்தி. டெங்குவையும் சிக்காவையும் பரப்பும் ஈடிஸ் கொசு பெரும்பாலும் குளத்தைத் தேடுவதில்லை. அது விரும்புவது சிறு பாத்திரங்களை. எறிந்த சிரட்டை, பழைய டயர், ஆட்டுக்கல்லின் குழி, பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மணிபிளாண்ட் வைத்த புட்டி, கூரையின் நீர்வடி தகரம், மூடாத பீப்பாய் ஆகியவை அதன் அரண்மனைகள். ஒரு கரண்டி நீரே அதற்குக் குளம். அங்கெல்லாம் மீன் விட முடியுமா? மேலும் அதன் முட்டை நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருந்து, அடுத்த மழையில் உயிர்பெறும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். அக்கொசு தொலைதூரம் பறப்பதுமில்லை. நம்மைப் பகலில் கடிக்கும் ஈடிஸ், பெரும்பாலும் நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கும்.

கட்டட வேலை செய்யும் அன்பர்கள் இதனைத் தனியே கருத வேண்டும். சுவருக்கு ஊற்ற நீர் நிரப்பிய தொட்டியும், தளத்தின்மேல் தேங்கிய நீரும், தங்குமிடத்தில் திறந்து வைத்த பீப்பாயும் வாரந்தோறும் காலியாக வேண்டும். காலி செய்ய முடியாத பெரிய தொட்டியில் நாலு மீன் விடலாம். மேஸ்திரிமார் இதனைத் தம் பொறுப்பாக ஏற்றால், உடன் உழைக்கும் சித்தாள்களும் அவர்தம் குழந்தைகளும் பிழைப்பர்.

இம்மாநிலச் சுகாதாரத் துறையார் ஒரு நல்ல ஒழுங்கை வகுத்துள்ளனர். வெள்ளிக்கிழமை பள்ளிகளிலும், சனிக்கிழமை அலுவலகங்களிலும், ஞாயிற்றுக்கிழமை வீடுகளிலும் தேங்கிய நீரை அகற்றும் நாள். 'டிரை டே' என்று நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து கேட்டு வந்து சொல்லும் நாள் இதுவே. கொசு பிறக்க ஏழு நாளாவது வேண்டும் என்பதை எண்ணினால், வாரத்திற்கு ஒரு நாள் என்று வைத்ததன் பொருள் விளங்கும். கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய் முனையில் வலைத்துணி கட்டுவதையும் அன்றே செய்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் காய்ச்சல் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிக் காலங்கடத்தலாகாது. டெங்குவில் ஆஸ்பிரின் போன்ற வலிநீக்கி மாத்திரைகள் இரத்தக் கசிவை மிகுவிக்கும். காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரிடம் செல்வதே தக்கது.

வேலிக்கு அப்பால்

நம்மில் பெரும்பாலோர் பிறர் வீட்டில் குடியிருப்போர். குளமும் கிணறும் வீட்டுக்காரருடையவை. 'நமக்கென்ன, வருடம் கழிந்தால் வேறு வீடு' என்னும் எண்ணம் எழலாம். ஆனால் கொசு கடிக்கும்போது வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வேலிக்கு அப்பால் உள்ள வீட்டின் குளம் தூய்மையாக இல்லையென்றால், நம் வீட்டு மீன் என்ன செய்யும்?

எனவே இது தனி வீட்டு வேலை அன்று. வேலியின் இருபுறத்தாரும் கூடிச் செய்ய வேண்டியது. வீட்டுக்கார அம்மையாரிடம், 'சேச்சி, நம்முடெ குளத்தில் மானத்துக்கண்ணியெ இடட்டே?' என்று கேட்க எவ்வளவு மலையாளம் வேண்டும்? அவ்வொரு சொற்றொடரை நம் வீட்டுச் சிறுமியே சொல்லிக்கொடுத்துவிடுவாள். அம்மீனை அவர்கள் இளமையிலிருந்தே அறிவர். எங்கே கிடைக்கும், எந்தத் தோட்டில் துணி விரித்துப் பிடிக்கலாம் என்பதை அவர்களே நமக்குக் கூறுவர். மூன்று ஆண்டுகள் ஒரே சுவரை ஒட்டி வாழ்ந்தும் வாடகை கொடுக்கும் நாளன்றி மற்ற நாட்களில் பேசாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அத்தகையோர்க்குக் கைப்பிடி மீன் ஒரு நல்ல தொடக்கமாகலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு கொல்லையை ஒருமுறை சுற்றி வாருங்கள். சிரட்டையையும் தட்டையும் கவிழ்க்கும் பணியைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கூத்தாடியைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு நம்மைவிடக் கூரிய கண். கொட்டிக் கவிழ்க்க முடியாத நீர் எங்கெல்லாம் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்து, அவ்விடங்களுக்கு மட்டும் மீனை நாடுங்கள். மானத்துக்கண்ணியைத் தம் குளத்தில் வளர்க்கும் இல்லத்தார், அது பெருகியபின் அதே தெருவில் அடைத்த குளமோ கிணறோ உடைய அண்டை வீட்டார்க்கு, தமிழர் என்றும் மலையாளி என்றும் பாராமல், ஒரு கை கொடுத்துதவ வேண்டுகின்றோம்.